இங்கே வம்சம் எழுதித் தரப்படும்

சகலமான ஜனங்களுக்கும், மதுரை மாநகரிலும் அதன் சுற்றுவட்டத்திலும் வாழும் கனவான்களுக்கும், கனவான்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், சிம்மக்கல் வம்சாவளிப் புலவர் பேயாண்டியாகிய நான் தண்டோரா போட்டு அறிவிப்பது யாதெனில்: நேற்றுக் காலை எனக்கு வந்த இட்லி புளித்திருந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. யுத்தம் நடக்கிறது. அரிசி கிடைப்பதே பெரும்பாடு, கிடைக்கிற அரிசியில் பாதி கல். அந்த இட்லியைக் கொண்டுவந்து கொடுத்தவன் சோணை. திருமங்கலம் போகிற கரி பஸ்ஸில் கிளீனர். பெட்ரோல் இல்லாத காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு ஓட்டுகிறார்களே, அந்த அடுப்புக்கு விசிறி சுற்றுகிறவன். காலையில் முதல் நடை கிளம்புமுன் தெருமுனையில் இட்லி வாங்கி, இலையில் கட்டி, என் முன்னால் பிரித்து வைத்து, "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நிற்பான். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை நகரமாட்டான். என் மகள் செத்ததிலிருந்து இப்படித்தான்.

நேற்று இரண்டாவது இட்லியை விழுங்கும்போது எனக்குக் கோபம் வந்தது. கையைக் கழுவினேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மகளைப் பறிகொடுத்த மனிதன் எங்கே போகிறான் என்று சோணையும் பின்னாலேயே வந்தான். வாசலில் ஒரு புங்க மரம் உண்டு. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே ரைட்டர் ஜெயக்கொடி இருந்தார். பிராதுகளை எழுதிக்கொள்கிறவர். என்னை விட இளையவர், என்னைப் போலவே அடுத்தவன் கதையை எழுதிப் பிழைக்கிறவர். கொலை செய்தவன் வந்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"மொதல்ல உக்காருங்க புலவரே" என்றார்.

கால் மணி நேரத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. அவர் எழுத மறுத்ததை இப்போது நானே எழுதுகிறேன். எழுதுவது என் தொழில். சோணைக்கு எழுத்து வாசனை கிடையாது என்பதால் பயமில்லாமல் எழுதலாம்.

என் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'இங்கே வம்சம் எழுதித் தரப்படும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பணம் சேர்ந்துவிட்டவனுக்கு அடுத்தபடியாக வேண்டியது ஒரு தாத்தா. சொந்தத் தாத்தா அதற்கு உதவமாட்டார். அவர் எருமை மேய்த்திருப்பார், அல்லது அடுத்தவன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். ஆகவே புதிதாக ஒருவரைச் செய்து தருவேன். பாண்டியனின் யானைப் படைக்குத் தலைவர். நாயக்கர் அரண்மனைக்குள் செருப்போடு நடக்க உரிமை பெற்றவர். அழகர் ஆற்றில் இறங்கும்போது முதல் தேங்காய் உடைத்தவர். எதுகை மோனையோடு நூறு பாட்டு, நடுவில் கொஞ்சம் வசனம். ஒருமுறை ஒரே தெருவில் மூன்று பேருக்கு யானைப் படைத் தலைவரைக் கொடுத்துவிட்டேன். அடிதடி வரும் போல இருந்தது. ஒருவரைக் குதிரைக்கு மாற்றினேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

என் பத்தொன்பதாவது வயதில் முதல் வம்சத்தை எழுதினேன். அதற்கு மட்டும் கூலி வாங்கவில்லை.

பருத்தி அரவை ஆலை முதலாளி உக்கிரபாண்டிக்கு நான் எழுதியது என் தொழிலின் உச்சம். ஆலைக்குள் பந்தல் போட்டு, தவில் நாகசுரம் வைத்து அரங்கேற்றினார்கள். யானைப் படைத் தலைவர் போர்க்களத்தில் விழுகிற இடத்தில் உக்கிரபாண்டி தேம்பித் தேம்பி அழுதார். தன் சொந்தத் தகப்பனார் செத்தபோது அவர் பஞ்சு விலை பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புலவரே, அவருக்கு மீசை எப்பிடி? எங்க அய்யாவுக்கு இருந்த மாதிரியா?"

"அதைவிடப் பெரிசுங்க."

மறுநாளிலிருந்து மீசை வளர்த்தார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தவில்காரனோடு கடைசியில் உட்காரவைத்தார்கள். நூறு பாட்டு எழுதியவனுக்குப் பாயசம் தீர்ந்துபோயிற்று. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

சோணை வந்தது அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம். உச்சியிலிருந்து பாதம்வரை கரி. பல் மட்டும் வெள்ளை.

"என்னப்பா, கரிக்கடையா?"

"இல்லண்ணே, கரி பஸ்சு. ஒங்க பலகையில என்ன போட்டிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு ஒரு வம்சம் வேணும்."

"யானையா, குதிரையா?"

"அதெல்லாம் வேணாம்ணே. நெசமானது ஒண்ணு இருந்தாப் போதும். சின்னதா இருந்தாலும் பரவால்ல."

முப்பது வருஷத் தொழிலில் நிஜமானது கேட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் குலசாமி என்பது கும்பிடுவதற்கு மட்டும் இல்லை. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். முன்பின் பார்த்திராவிட்டாலும் அவர்கள் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆகவே பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி, எந்தச் சாமி என்பதுதான். பதில் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது. அவன் குணத்தில் குறை என்று அர்த்தமில்லை. அந்தப் பெண்ணே அவன் தங்கையாக இருந்துவிட்டால்?

சோணை ஒரு தர்ம மடத்தில் அண்டா கழுவி வளர்ந்தவன். காலரா வருஷத்தில், நோயாளிகளைப் போட்டிருந்த கொட்டகையிலிருந்து யாரோ தூக்கிவந்து மடத்தில் விட்டுப் போனார்கள். அப்போது நாலு வயது இருக்கலாம். சோணை என்ற பெயர்கூட மடத்துச் சமையற்காரி தன் செத்துப்போன தம்பியின் நினைவாக வைத்தது. அவனுக்கென்று இருந்தவை இரண்டு. ஒன்று, வலது மூக்கில் ஓர் ஓட்டை. முன்னால் பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போனால், அடுத்துப் பிறக்கிற ஆண் பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து மூக்குக் குத்துவார்கள். உதவாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். இன்னொன்று, ஒரு ஞாபகம்.

"சோத்த உருட்டி வானத்துல எறியிறாகண்ணே. பொம்பளைக எல்லாம் முதுகக் காட்டி நிக்கிறாக. நான் திரும்பிப் பாக்குறேன், ஒரு கை வந்து என் கண்ணப் பொத்துது. அந்தக் கையில வெங்காய வாசம்."

"சோறு கீழே விழுந்ததா?"

"அதப் பாக்கத்தான் விடலையே."

பிறகு அவன் சொன்னது இது. "பஸ்சுல ஆளு ஏறுனா, இதுல எவன் எங்கண்ணனோன்னு பாக்குறேன். பொம்பளப் புள்ளைக ஏறுனா தலையக் குனிஞ்சுக்கிறேன். எது தங்கச்சின்னு தெரியலையே."

பார்க்கலாம் என்றேன். வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தான். நான் ஒன்றும் தேடவில்லை. அவன் வருவதும் கேட்பதும் போவதுமாக இருந்தான். என் மகள் தங்கப்பொண்ணு தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். தாயில்லாத பெண். இருபது வயது. என் வாயில் பாதி அவளுக்கு.

"கையக் கழுவிட்டுச் செம்பத் தொடுங்க. போன வாரம் தொட்ட கரியே இன்னும் போகல."

"தேச்சுக் கழுவலையா?"

"எதுக்குத் தேய்க்கணும்? எங்கப்பா எழுதுற மைக்கு இது எம்புட்டோ தேவல."

அந்தச் செம்பில் அவனுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன. வீட்டிலிருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் புளிபோட்டுத் தேய்க்கிறவள், அதை மட்டும் அப்படியே மாடத்தில் வைத்திருந்தாள். ஒரு நாள் கிளம்பும்போது அவன், "வாரேன் மாமா" என்றான். அதுவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கரண்டி விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வா" என்றேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்ப மரத்தடியில் ஒரு பிடிமண் மேடு இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வருகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து, குடியேறிய இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். அது சாமிக்குச் சமம். கொட்டாம்பட்டிப் பக்கம் பெரிய கண்மாய் உடைந்து எங்கள் கோயிலை வெள்ளம் கொண்டுபோனபோது, என் பாட்டனார் கழுத்தளவுத் தண்ணீரில் நீந்திப் போய் அள்ளிவந்த மண் அது. சிம்மக்கல்லில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். நான் சொல்லாத ஆள் இல்லை.

அந்த நாட்களில் தங்கப்பொண்ணு அந்த மேட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதை இரண்டு மூன்று முறை பார்த்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எந்தப் பெண் எப்போது மண் தின்பாள் என்று எனக்குத் தெரியாதா? இவள் வயிற்றில் இருந்தபோது இவளுடைய தாய் சுவரையே சுரண்டித் தின்றாள்.

இந்தச் சமயத்தில் உக்கிரபாண்டி வில்வண்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மீசை அதற்குள் காதுவரை போயிருந்தது. கொல்லைக்குப் போய்ப் பிடிமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம சின்னவனுக்குப் பொண்ணு பாக்குறேன் புலவரே. மருதையில நம்ம வம்சத்துக்குச் சமானமா ஒங்க வம்சம் ஒண்ணுதான் இருக்கு. மத்தவன் எல்லாம் காசக் குடுத்து எழுதி வாங்குனவன்."

கேலி பேசவில்லை. மனதாரச் சொன்னார். அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான், என்னிடம் எழுதி வாங்கியவர் அவர், அது அவருக்கு மறந்தே போயிருந்தது. வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். மகளின் சௌகரியத்துக்காக. ஆலை வீட்டில் பெண்களுக்கு வேலையே கிடையாது, எல்லாவற்றுக்கும் ஆள்.

ஆகவே சோணைக்குக் குலசாமியைத் தேடவேண்டிய அவசியம் எனக்கும் வந்துவிட்டது.

அது கஷ்டமான காரியமில்லை. எந்தக் கோயிலில் என்ன வழக்கம் என்பதுதானே என் மூலதனம். சோறு எறிகிற கோயில்கள் இந்தப் பக்கத்தில் மூன்று. இரண்டில் பெண்களை உள்ளேயே விடமாட்டார்கள். பெண்கள் முதுகு காட்டி நிற்பது அலங்காநல்லூருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கிற ஆலடிக் கருப்பு கோயிலில் மட்டும்தான். அவன் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். பஸ் பிடித்துப் போய், மீதியை நடந்தேன். ஊர் எல்லையில் வெங்காயத் தோட்டம். களை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம், காலரா வருஷத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். ஓர் அம்மாள் நிமிர்ந்தாள். பெயர் இருளாயி.

"மூக்குக் குத்துன பயலா?" என்றாள்.

நான் மூக்கைப் பற்றிச் சொல்லியிருக்கவே இல்லை.

மதுரைக்குப் போன இடத்தில் அவளுக்கும் புருஷனுக்கும் காலரா கண்டு, கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கண் விழித்தபோது புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் பக்கத்தில் கிடந்தவள் சொன்னாளாம். ஒரு வருஷம் மதுரைத் தெருக்களில் அலைந்திருக்கிறாள். "எம்புட்டுத் தேடியும் கெடைக்கல. ஆனா இருக்கான்." கோயிலில் கிடா வெட்டினால் பங்காளிகளுக்குக் கறியைக் கூறு போட்டுப் பிரிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கும் வருஷா வருஷம் ஒரு கூறு எடுத்து இலையில் தனியாக வைக்கிறார்களாம். ஒரு கூட்டமே ஒருவனுக்காகக் கறியை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அவனுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. சின்ன வம்சம், நிஜமான வம்சம். எங்களுக்கும் அவர்களுக்கும் பங்காளி முறை எதுவும் கிடையாது. தாராளமாகப் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வரப்பில் நின்று நிதானமாக யோசித்தேன். பிறகு சொன்னேன்: "அம்மா, நான் அந்தக் கொட்டகையில வேலை பாத்தவன். ஒங்க மகன் அன்னைக்கே போயிட்டான். நான்தான் பொதைச்சேன்."

அவள் அழவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"பொதைக்கையில மூக்குல வளையம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பச் சரி. அதோடயே போயிருக்கான்."

வீட்டுக்குக் கூட்டிப் போய் எனக்குக் கேப்பைக் கூழ் ஊற்றினாள். கடித்துக்கொள்ள உரித்த வெங்காயம். அவள் கையிலேயே அந்த வாசம் இருந்தது. வெயிலில் நடந்து வந்தவனுக்குக் கூழ் நன்றாக இருந்தது, இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்பீக. இனிமேலாச்சும் அழுதுக்கிறேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், சோணையைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். குளித்துவிட்டு வந்திருந்தான். அவனை அவ்வளவு வெளுப்பாக அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஒன் சாமி கெடைச்சிருச்சு சோணை" என்றேன்.

நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். தூக்கினேன். "தூரத்துல இல்ல. எங்க சாமிதான் ஒன் சாமி. கொட்டாம்பட்டிக் கோயில்ல நாங்களும் சோறு எறிவோம். வெள்ளத்துல செதறிப்போன பங்காளிக வீட்டுப் பையன் நீ. இந்தா, ஒன் மண்ணு."

அவன் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் சொல்லியாகவேண்டும். ஒரு விநாடிக்கு அது உலகத்திலேயே சந்தோஷமான முகம். மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டான். இட்டுக்கொண்ட கை அப்படியே நின்றது. கொல்லை வாசற்படியில் தங்கப்பொண்ணு விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எனக்கு என்ன முறை?" என்றான்.

"பெரியப்பன்."

"பெரியப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு என் தோளில் தலையை வைத்து அழுதான். அந்த அழுகையில் பாதி சந்தோஷம். அவனுக்கு ஒரு பெரியப்பன் கிடைத்துவிட்டான் அல்லவா. மாமா என்று கூப்பிட்டவன் பெரியப்பா என்று கூப்பிட்ட அந்தச் சொல்லில்தான் என் மகள் செத்தாள். கிணறெல்லாம் பிறகுதான்.

அவன் போன பிறகு அவள் கேட்டாள். குரல் உயரவில்லை. "நெசமாப்பா?"

"ஆமா."

"இந்த மண்ணத் தொட்டுச் சொல்லுங்க."

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். இந்தச் சாமி மேல் சத்தியம் என்றேன். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகப் பரிமாறினாள். ரசம்கூட வைத்திருந்தாள். மாடத்துச் செம்பை எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்தாள்.

அந்த வாரம் முடியுமுன் கொல்லைக் கிணற்றில் கிடந்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தோம், பிடிமண். அண்ணனோடு கூடிய பாவத்துக்குச் சாமியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க எடுத்துப் போயிருக்கிறாள்.

கால் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். உக்கிரபாண்டி சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள். துட்டி கேட்க வந்தவர், "யானைப் படையில ஒரு யானை சாஞ்ச மாதிரி இருக்கு புலவரே" என்றார். என் பாட்டில் இருந்த வரி. அதை எனக்கே திருப்பிச் சொன்னார். பத்து நாளில் அவருடைய சின்ன மகனுக்கு வேறிடத்தில் பெண் பேசினார்கள். துட்டிக்கு வந்த கூட்டத்தில் ஒருவன் சாமி குத்தம் என்றான், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நூறு குடும்பத்துக்கு வம்சம் செய்து கொடுத்தேன், ஒன்றிலும் என் பெயர் இல்லை. இதையாவது நான் செய்தேன் என்று ஒருவன் சொல்லக்கூடாதா?

சோணை பாடைக்குத் தோள் கொடுத்தான். பங்காளி வீட்டு ஆண்பிள்ளை செய்யவேண்டிய முறை எதையும் விடவில்லை. மொட்டை போட்டுக்கொண்டான், மீசையை எடுத்தான். கருமாதியன்று, "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதான். அந்த வார்த்தை அவன் வாயில் பழகாத செருப்பு மாதிரி இருந்தது. பிறகு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். "ஒத்தையா இருக்காதீங்க பெரியப்பா. நான் இருக்கேன்ல." அன்றிலிருந்துதான் இட்லி.

இவ்வளவையும் ரைட்டர் ஜெயக்கொடியிடம் சொன்னேன். பேனா பாதியிலேயே கீழே போயிருந்தது.

"நீங்க தள்ளி விட்டீங்களா?"

"இல்லை."

"வெசம் கிசம் குடுத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப என்னதான் செஞ்சீங்க?"

"முறை சொன்னேன்."

"மொறை சொன்னதுக்கெல்லாம் செக்‌ஷன் கெடையாது புலவரே."

எனக்கு அடங்காத கோபம் வந்தது. திருடினால் செக்‌ஷன் இருக்கிறது, சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் செக்‌ஷன் இருக்கிறது. இந்த வெள்ளைக்காரன் இத்தனை சட்டம் போட்டு என்ன பிரயோசனம் என்று கேட்டேன். ஜெயக்கொடி என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார்.

"ஒங்க நெலைமை புரியுது. பெரிய வம்சம். கண்மாய் ஒடைஞ்சப்ப நீந்திப் போயிச் சாமிய எடுத்தாந்த வம்சம். ஊர் பேரு தெரியாத பயலுக்குக் குடுக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?"

அப்போதுதான் அதையும் சொன்னேன். எந்தக் கண்மாயும் உடையவில்லை. எனக்குப் பாட்டனும் கிடையாது, பூட்டனும் கிடையாது. என்னைச் சின்ன வயதில் ஆற்றங்கரைச் சத்திரத்தில் எச்சில் இலைகளுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். பத்தொன்பது வயதில் கல்யாணம் பேசப் போன இடத்தில் எந்தச் சாமி என்று கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். கூலி வாங்காமல் எழுதிய முதல் வம்சம் அதுதான். பிடிமண் என்று மரத்தடியில் குவித்திருப்பது வைகையில் துணி துவைக்கிற துறையில் நான் அள்ளிவந்த மணல்.

ஜெயக்கொடி பிராதுப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"அந்தம்மா உசுரோட இருக்கா?"

"இருக்கிறாள்."

"பையன் வெளிய ஒக்காந்திருக்கான்."

"இருக்கிறான்."

"இத நான் எழுதணும், இன்ஸ்பெக்டர் பாக்கணும், கோர்ட்டுக்குப் போகணும். அவன்கிட்டச் சொல்றதுக்கு வாசல் வரைக்கும் நடந்தாப் போதும். அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

நான் நியாயத்துக்காக வந்தேன். அதை அவரிடம் சொல்லி எழுந்தேன்.

வெளியே வெயில் ஏறிவிட்டது. புங்க மரத்தடியிலிருந்து சோணை எழுந்து வந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. மூக்கிலிருந்த ஓட்டையில் கரி அடைத்திருந்தது. அவன் முதல் நடையை விட்டிருந்தான், அன்றைய கூலி போயிருக்கும். என் கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டான்.

"என்ன பெரியப்பா? எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

சொல்லலாம் என்று நின்றேன்.

இட்லி புளித்திருந்தது என்றேன்.